பக்கத்தோற்றம்

டிராஃப்டரை மடியில் கிடத்தி
மேலூர் பஸ்ஸில் வந்த அன்று
"என்னம்மா, துப்பாக்கியா?" என்றார் கண்டக்டர்.
பஸ்ஸே சிரித்தது. நானும்.
முதல் வாரம் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பொருளுக்கு
முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம்.
கண்ணுக்குப் படாத விளிம்பை
விட்டு விட்டு வரைய வேண்டும்.
நான் வரைந்த அறுகோணப் பட்டகம்
எப்போதும் கொஞ்சம் குடித்திருந்தது.
டிராஃப்டரில் திருகு தளர்ந்திருப்பதை
அக்டோபரில்தான் கண்டுபிடித்தாள்
பக்கத்து மேசை பெனிட்டா, வள்ளியூர்க்காரி.
அதுவரை
என் கைதான் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்குப் பேசும்போது முன்தோற்றம் மட்டும்:
சாப்பாடு பரவால்ல. ஃபேன் ஓடுது. ஆமா, படிக்கிறேன்.
கணக்கில் ஐம்பதுக்குப் பதினொன்று என்பது
விட்டு
விட்டு.
மாவட்டத்தில் மூன்றாவது நான் என்றால்
"எந்த மாவட்டம்?" என்கிறார்கள் இங்கே,
ஆளுக்கொரு மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தவர்கள்.

ஒத்தக்கடையில் இறங்கினால் யானைமலை
துதிக்கை நீட்டிப் படுத்திருக்கும்.
விடுதி மொட்டைமாடியிலிருந்து பார்த்தால்
யானையைக் காணோம்.
பாறை. நீளமாக ஒரு பாறை,
அதில் இறங்கிக்கொண்டிருக்கும் வெயில்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெனிட்டாவிடம்
திரும்பாமலே சொன்னேன்:
"பதினொன்னு."
வாயில் கவ்விய கிளிப்பை எடுக்காமல்
"ஒம்பது" என்றாள்.

கொஞ்ச நேரம் நைட்டிகள் சொட்டும் சத்தம்.

திங்கட்கிழமைக்கு ஒரு கூம்பைச்
சாய்வாக வெட்டியாக வேண்டும்.
திருகு மறுபடி தளர்ந்திருந்தது.
திருப்புளி இருக்கிறதா என்று
அறை அறையாய்த் தட்டிக்கொண்டு போனோம்.