மற்றவை

துவாஸ் கப்பல் பட்டறையிலிருந்து
இடுப்பெலும்பு முறிந்து வந்தவர் பகாரி.
படிவத்தில் மொழி என்ற கட்டத்துக்குக்
கணினி தந்த பட்டியலில்
சுவாஹிலி இருந்தது. அழுத்தினேன்.

இரவு மூன்று மணிக்கு
ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.
தொலைபேசியை அவர் வாயருகே பிடித்தேன்.
மறுமுனையில் மொழிபெயர்ப்பாளர் மரியாமு
கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொன்னார்:
"இது நான் பேசுவதில்லை.
கடலோரம் நாலைந்து ஊரில்தான் இது.
மாமியார் வீட்டில் யாராவது பேசினால்
நாங்கள் சிரிப்போம்."
இப்போது சிரிக்கவில்லை.

வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பதுதான் என் வேலை.
ஆனாலும் கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்து
காதில் விழுந்ததைத் தமிழில் எழுதினேன்.
ப எழுதினேன்.
அவர் தொண்டை அதிர்ந்ததா இல்லையா,
என் எழுத்துக்குத் தெரியாது.

விடிந்ததும் வாசித்துக் காட்டினேன்.
முகம் சுளித்தார், வலியால் அல்ல.
ஒரே சொல்லை மூன்று முறை திருத்தினார்.
நாலாவது முறை பொறுமையிழந்து
போர்வைமேல் உள்ளங்கையை
மெல்லக் கால்பக்கம் இழுத்துப்போனார்.
வற்றம் என்று நினைக்கிறேன். கடல் வற்றம்.

பணி முடியுமுன் படிவத்தைத் திருத்தினேன்.
பட்டியலின் கடைசியில் மற்றவை.
பக்கத்திலேயே பெயர் எழுத ஒரு கட்டம்.
அதற்குள் மருந்து ஏறித் தூங்கிவிட்டார்.
எழுப்ப மனம் வரவில்லை.