ஊதுமுள்

நாலு விதை.
மொம்பாசாவில் முந்திரி ஏற்றும் கப்பலில் இருந்த
கொழுந்தன் ஜெபஸ்டின்
சட்டைப்பையில் மறந்து விட்டவை,
துவைக்கும்போது என் கையில் அகப்பட்டன.
"ஏதோ முள்ளு மரம் மைனி, காத்தடிச்சா ஊதும்."
ராதாபுரத்தில் காற்றுக்கா பஞ்சம்.

கொதித்து இறக்கிய தண்ணீரை மேலே ஊற்றி
விடியும்வரை விட்டேன்.
மூன்று உப்பின. ஒன்று கல்லாகவே கிடந்தது,
அதை உப்புத்தாளில் தேய்த்தேன்.
உப்பிய மூன்றும் அழுகிப்போக
முளைத்தது அந்தக் கல்தான்.

மானூரிலிருந்து ஒரு சாக்குக் கரிசல்.
தொட்டி ஆகாது, முழ நீளத்துக்கு பிவிசி குழாய்:
ரெண்டு இலை விடுமுன்னே
வேர் அடிமுட்டிவிடும்.
தண்ணீர், வாடினால் மட்டும்.

உடை என்றார்கள்.
உடைக்கு உச்சி குடையாய்ப் பரக்கும், காய் சுருளும்.
கருவேலம் என்றார்கள்.
அது மஞ்சளாய்ப் பூக்கும்;
பூவுக்குக் காத்திருந்தேன், வந்தபாடில்லை.

இரண்டாம் ஆடியில் சீமைக்கருவேலம் பிடுங்க
ஜேசிபி வந்தது.
வன்னியப்பெருமாள் வண்டியை விட்டு இறங்காமலே கேட்டான்,
"முள்ளு இருக்கா? அப்போ அதுதான்."
கிளையை வளைத்துக் காட்டினேன்:
ஊசி போல் வெள்ளை முள், ஜோடி ஜோடியாய்.
சில ஜோடிக்கு மட்டும் அடியில்
கோலிக்குண்டாய் ஒரு வீக்கம்,
பச்சையில் மெத்தென்று.
சீமையான் எங்கே இப்படிக் குண்டு கட்டுகிறான்?
இறங்கி வந்து நசுக்கிப் பார்த்தான். விரலில் ரத்தம்.
"சீக்குப் பிடிச்ச மரம்லா இது" என்று
வண்டியைத் திருப்பினான்.

குண்டுகள் காய்ந்து கறுத்தன.
ஊதவில்லை.
கொழுந்தனுக்குப் போன் போட்டேன்.
"அங்கே எறும்பு ஓட்டை போடும் மைனி.
எறும்பை நான் கொண்டு வரலையே."

கோணூசியைப் பழுக்கக் காய்ச்சி
பதினோரு குண்டில் குத்தினேன்.
ஊரைச் சுற்றி நாற்பது காற்றாலை உறுமும்போது
பதினோரு முள்ளின் சத்தம் யாருக்குக் கேட்கும்.
குத்தியதையே மறந்துபோனேன்.

லைனில் ஏதோ பழுதென்று
நாற்பதையும் நிறுத்திய ஒரு புதன்கிழமை,
அடுப்பில் பால் வைத்திருந்தேன்.
மெல்லிசாய் ஒரு விசில்.
எதிர்வீட்டுக் குக்கர் என்றுதான் நினைத்தேன்.
நிற்கவே இல்லை.
எதிர்வீடு பூட்டியிருந்தது.

மரத்தடிக்கு ஓடினேன்.
கீழ்க்கொப்பில் ஒரு குண்டின் வாயில்
நம்மூர்ச் சித்தெறும்பு,
வெள்ளையாய் எதையோ கவ்விக்கொண்டு
தலையை உள்ளே விடுகிறது, எடுக்கிறது,
விடுகிறது.

பின்னால் பால் பொங்கி வழிகிற வாசம்.
போகவில்லை நான்.