ஏழாம் அடைப்பு

ஏழாம் அடைப்பில் ஒன்று குறைகிறது.
பன்னிரண்டு இருக்க வேண்டும்.
கோழிகள் எண்ண விடுவதில்லை,
ஒன்றன் காலுக்கடியில் ஒன்று நுழைந்து
கணக்கைக் கலைக்கும்.
மூன்று முறை எண்ணியும் பதினொன்றுதான்.

இருபத்தொன்பதாம் நாள்.
இவற்றின் தீவனத்தில் நொதி பத்து மடங்கு.
கடைக்கு வரப்போவது ஒரு மடங்கு.
பத்தில் என்ன கெடுகிறதென்று பார்த்தால்தான்
ஒன்றை நம்பலாம் என்பது விதி.
நான் எழுதிய விதியல்ல,
எனக்குப் பிடித்த விதி.

நொதியின் வேலை சின்னது.
நெல் தன் தவிட்டுக்குள்
பாஸ்பரஸைப் பூட்டி வைக்கிறது:
ஒரு வளையம், அதில் ஆறு முடிச்சு.
கோழி வயிற்றுக்கு அந்த முடிச்சு லேசில் அவிழாது.
தின்றதில் பாதியை எச்சமாகக் கொட்டும்,
எச்சம் மழையோடு வெண்ணாற்றில் இறங்கும்,
ஓரத்துத் தேக்கமெல்லாம் பாசி கட்டும்.
டப்பாவில் வந்த பழுப்புத் தூள்
முடிச்சுகளை அவிழ்க்கிறது.
சோதனைக் குழாயில் நீலமாய்த் தெரியும்.
எத்தனை அவிழ்ந்ததோ அத்தனை நீலம்.

செத்ததைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார் வைரக்கண்ணு.
“ராத்திரி ரெண்டு மணி நேரம் கரண்ட் இல்லீங்க மேடம்.
ஃபேன் நின்னுபோச்சு.”
எட்டாம் அடைப்பிலும் நின்றதுதானே?
“நின்னுச்சு.”
எட்டில் நொதியே கிடையாது.
பன்னிரண்டும் கொத்தித் தின்றுகொண்டிருந்தன.

அறுத்துப் பார்த்தேன்.
ஈரல் ஈரலாக இருந்தது.
இதயம் கொஞ்சம் பெரிது என்று எழுதி,
கொஞ்சம் என்பது அளவா என்று
அதை அடித்துவிட்டு
கிராமில் எழுதினேன்.

மதியத்துக்குள் புனேயிலிருந்து மின்னஞ்சல்.
வெயில் சாவு, ஒரே ஒரு பறவை,
அவுட்லையர், நீக்கிவிடலாமே
என்று மிக மரியாதையான ஒரு கேள்விக்குறி.

கொட்டகைக்குப் பின்னால்
தையல்நாயகி குறுவைக்கு விதை மூட்டம் போட்டிருந்தார்.
வாய்க்காலில் ஊறி எடுத்த சாக்கு,
மேலே வைக்கோல், மேலே ஒரு கல்.
கை விட்டால் உள்ளே காய்ச்சல் போல் சூடு.
வெள்ளை முளை, குண்டூசித் தலையளவு.
ஒரு பிடி கேட்டு வாங்கினேன்.
“கோழிக்கா?”
இல்லை, எனக்கு.
அரைத்து, வடித்து, குழாயில் விட்டேன்.

வெளிறிய நீலம்.
டப்பாக்காரர் பார்த்தால் சிரிப்பார்.
ஆனாலும் நீலம்.
பூட்டிய விதையே
முளைவிடும்போது சாவியும் செய்துகொள்கிறது,
தனக்கு வேண்டிய மட்டும்.

இயற்கை என்பதால் நல்லது என்று சொல்ல வரவில்லை.
அரளிக்கொட்டையும் இயற்கைதான்.
நொதி கொன்றது என்றும் சொல்லவில்லை.
கொல்லவில்லை என்று சொல்ல
என்னிடம் இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது,
பதினொரு கோழி இருக்கிறது,
ஒரு வெற்றுக் கட்டம் இருக்கிறது.

நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது.
எப்போது திறந்திருந்தது?
பேருந்தில் மடியில் நோட்டை விரித்து,
வண்டி அணைந்திருந்ததால் எழுத்து நடுங்காமல்,
ஏழாம் அடைப்பு, நாள் 29, இறப்பு ஒன்று,
காரணம் தெரியவில்லை
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது.
எங்களுக்கு முன்னால் ஒரு லாரி,
தார்ப்பாய்க்கு வெளியே பிதுங்கிய தீவன மூட்டைகள்.
ஒன்றில் ஓட்டை.
தவிடு ஒரு நூலாகச் சாலையில் இறங்கியது.
இரண்டு மைனாக்கள்
யாரையும் கேட்காமல்
தின்ன ஆரம்பித்தன.