இரண்டு புள்ளிக் கேள்வி

செவ்வாய், வியாழன் இரவுகளில்
பாடாங் செராய் மளிகைக் கடை மாடியில் வகுப்பு.
கீழே கருவாட்டு மூட்டைகள்.
மேலே நாங்கள் ஏழு பேர்,
பள்ளியை விட்டு வெகுநாளான முகங்கள்.
வாத்தியார் ஞானப்பிரகாசம்
என்னைவிட ஆறு வயது இளையவர்.
என்னை அக்கா என்பதா, பெயர் சொல்வதா என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.

இந்த வாரம் ஒரு கவிதை.
இருபத்திரண்டு வரி.
போருக்குப் போன கணவன் வீடு திரும்புகிறான்.
அவன் உறங்குகிறான்.
மனைவி விடியும்வரை
விளக்கேற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள்.
அவ்வளவுதான்.

'அவள் ஏன் விளக்கேற்றவில்லை?'
இரண்டு புள்ளிக் கேள்வி.

இருள் துயரத்தின் குறியீடு என்றார்
தபால் நிலைய தேவசகாயம்.
எண்ணெய் தீர்ந்திருக்கும் என்றாள் செங்கமலம்.
சிரித்தோம்.
வாத்தியார் சிரிக்காமல் கரும்பலகையில் எழுதினார்:
இருள் = போர்
விளக்கு = இல்லறம்.
நடுவில் இரண்டு கோடு போட்டதும்
கவிதை கைகட்டி நின்றுவிட்டது.

நானும் எழுதிக்கொண்டேன்.
சொல்லவில்லை,
சுவிட்சைப் போட்டால் 'டிக்' என்று கேட்கும் என்று.

அந்தச் சத்தத்துக்கு என் வீட்டில் ஒருவர்
கட்டிலிலிருந்து தரைக்கு வந்துவிடுவார்.
வரும்போது என்னையும் இழுத்துக்கொண்டு,
என் தலையைச் சிமெண்டோடு அழுத்தி,
தன் உடம்பால் என்னை மூடி.
காலையில் தோளில் நீலம் பூத்திருக்கும்.
பால் நிறுக்கும் இடத்தில் கேட்டார்கள்,
அடிக்கிறாரா என்று.
இல்லை, காப்பாற்றுகிறார் என்று
எப்படிச் சொல்ல?

எல்லைக் காட்டில் ஒரு கம்பி.
ஒரு 'டிக்'.
முன்னால் நடந்தவனின் பெயர் கடைசிவரை சொல்லவில்லை.
இதுவும் அவர் சொன்னதில்லை,
கூட இருந்த காத்தமுத்து
ஒரு கல்யாணப் பந்தியில் சோற்றைப் பிசைந்தபடி சொன்னது.

எங்கள் வீட்டுச் சுவிட்சுகளுக்கு மேல் பிளாஸ்திரி.
பேனா, மூடி திருகும் பேனா.
குடையை வாசலுக்கு வெளியே வந்துதான் விரிப்பேன்.
வெயில் ஏறி
கித்தாக் காய்கள் வெடிக்கிற மாதங்களில்
ஆலையில் பகல் காவல் கேட்டு வாங்கிக்கொள்வார்.
உருளைகளின் இரைச்சலில்தான்
அவருக்குக் கண் அசருமாம்.
மேனேஜர் இரண்டு முறை பார்த்துவிட்டார்,
காவல்காரர் தூங்குவதை.
இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

நேற்று மாலை
அவித்த மரவள்ளிக்கிழங்கை இறக்கிவிட்டு வந்தால்
என் புத்தகம் அவர் கையில்.
உதடு அசைய வாசித்தார், இரண்டு தடவை.

'இதை எழுதினது அவளா?'
இல்லை, ஓர் ஆண்.
'போய் வந்தவனா?'
தெரியாது, குறிப்பில் போடவில்லை.

கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

'பதினேழாவது வரி தப்பு' என்றார்.
எண்ணிப் பார்த்தேன்:
அவன் உறங்குகிற வரி.
'தூங்கியிருக்க மாட்டான்.
கண்ணை மூடிக்கிட்டு இருந்திருப்பான்,
அவளாவது தூங்கட்டும்னு.'

எட்டு வருஷம்.
அவர் மூச்சு சீராகும்வரை
நான் புரளாமல் கிடந்த எட்டு வருஷம்.
அந்தச் சீரான மூச்சை
எனக்காகவா விட்டுக்கொண்டிருந்தீர்கள்?

கேட்கவில்லை.
கிழங்கை உரித்துக் கொடுத்தேன்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும்.
லயத்துக் கடைசி வீட்டு நாயும் ஓய்ந்துவிட்டது.
'தூங்கலைதானே?' என்றேன்.
நெடுநேரம் கழித்து,
'இல்லை.'
'நானும் இல்லை.'

எழுந்து, பிளாஸ்கில் இருந்த வெந்நீரில்
இருட்டிலேயே கோப்பி கலந்தேன்.
கை அளவு தப்பி, சீனி கூடிப்போயிற்று.
ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.
கோப்பையைக் கீழே வைக்கும்போது
சத்தம் வராமலிருக்க
முதலில் சுண்டுவிரலை வைத்து
அதன்மேல் வைத்தார்.
நானும் அப்படித்தான் வைப்பேன்.

இன்று வியாழன்.
வீட்டுப்பாடம் எழுதவில்லை.