இருபத்திரண்டு விநாடி

ராத்திரி இரண்டு மணிக்குக் கருவி ஓடி முடித்திருந்தது.
நிரல் முழுவதையும் துழாவி
நானூற்றுப் பதினேழு பக்க ஆவணம்.
காக்கி புக்கிட் அலுவலகத்தில்
கோப்பி ஓ ஆறுவதற்குள் ஒன்பது பக்கம் படித்தேன்.

கதவைத்திற: கதவைத் திறக்கும்.
கதவைமூடு: கதவை மூடும்.
தளஎண்: தளத்தின் எண்.
கிளிக்குக்கூட நடுவில் ஒரு தடவை
விசிலடிக்கத் தோன்றும்.

நூற்று மூன்றாம் பக்கத்தில்
'இதைத் தொடாதே, பூன் ஹியாங்கைக் கேள்'
என்று எந்தக் காலத்திலோ கிறுக்கிவைத்த குறிப்பு.
அதையும் அழகான எழுத்துருவில்,
பொருளடக்கத்தில் இடம் கொடுத்து,
வாடிக்கையாளர் பிரதியில் ஏற்றியிருந்தது.
பூன் ஹியாங் பெர்த்துக்குப் போய் மூன்று வருடம்.
கருவியைச் சொல்லிக் குற்றமில்லை.
சட்டியில் இருப்பதுதானே அகப்பையில் வரும்.

அதற்குக் கீழே:
தாமதம், இருபத்திரண்டு விநாடி.
ஏன் என்று இல்லை.
மற்ற மின்தூக்கிகளுக்கெல்லாம் ஆறு.
"தட்டுப்பிழை" என்றாள் ஃபட்ஸ்லின்.
எனக்கும் அப்படித்தான் பட்டது.
செவ்வாய்க்கிழமை ஆறாக்கினேன்.
ஆவணமும் அன்றிரவே, சமர்த்தாக,
ஆறு என்று மாறிக்கொண்டது.

வியாழக்கிழமை நகர மன்றத்திலிருந்து அழைப்பு.
தோ பாயோ, எட்டாம் லோரோங்.
நானே போனேன்.
கீழ்த்தளத்தில் டயாலிசிஸ் நிலையம்.
காலைப் பிரிவு முடிந்து
வீட்டுக்குப் போகிறவர்களின் வரிசை,
கையில் பஞ்சுக்கட்டு, மடியில் ரொட்டிப் பை.
ஒரு பணிப்பெண் இடுப்பால் கதவைத் தடுத்துக்கொண்டு
சக்கர நாற்காலியைப் பின்பக்கமாக இழுத்தாள்.
கதவு அவள்மேல் இரண்டு முறை மோதியது.
நாற்காலியில் இருந்தவர் கோபப்படவில்லை.
"இந்த வாரம் இதற்கு என்னமோ அவசரம்" என்றார்,
என்னைப் பழுதுபார்க்க வந்தவள் என்று நினைத்து.
அவர் நினைத்ததில் பாதி சரி.

வெற்றுத்தளத்துக் கல்மேசையில் மடிக்கணினியைத் திறந்து
முதலில் எண்ணைத் திருப்பினேன்.
பிறகு, எங்கோ தனிக் கோப்பில் அல்ல,
அந்த எண்ணுக்கு நேர் மேலே, மூன்று வரி:
கீழே டயாலிசிஸ் நிலையம் இருக்கிறது.
சிகிச்சை முடிந்தவர்கள் மெதுவாக வருவார்கள்.
குறைக்கிறவர் முதலில் நேரில் போய்ப் பார்க்கவும்.

பூன் ஹியாங்குக்கும் எழுதிக் கேட்டிருந்தேன்.
'எந்த இருபத்திரண்டு?' என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை புது விதி போட்டேன்:
காரணம் எழுதாத எண் இருந்தால்
கட்டமைப்பு நின்றுவிடும்.
ஐந்தரை மணிக்கா இதைச் செய்வாய் என்றாள் ஃபட்ஸ்லின்.
அவளுடையதில் மட்டும் முப்பத்தொரு இடத்தில் நின்றது.
பத்தொன்பதுக்கு அவளுக்கே காரணம் தெரியவில்லை.
பையைத் திரும்பக் கீழே வைத்தாள்.

அன்றிரவும் இரண்டு மணிக்கு ஓடியது.
நூற்று மூன்றாம் பக்கத்தை மட்டும் திறந்தேன்.
என் மூன்று வரியும் இருந்தன.
கல்மேசை அவசரத்தில் ஒரு சொல்லை
இரண்டு தடவை தட்டியிருக்கிறேன்:
மெதுவாக மெதுவாக வருவார்கள்.
கருவி திருத்தவில்லை.
நானும்.