ஒன்பதாம் பிரிவு

ஜனவரியின் முதல் வியாழன்.
கான்சாஸின் மேற்கு ஓரத்துக் காற்று
சபைக் கதவைத் தானே திறந்து
உள்ளே யாரென்று பார்த்துவிட்டுப் போகிறது.
நான்தான். வெர்னா கிளாசன்.
வாரம் மூன்று நாள், மணிக்குப் பதினொரு டாலர்.
விசுவாச அறிக்கையைத் தட்டச்சு செய்கிறேன்,
ஞாயிறன்று பதினொரு பேர் கையொப்பமிட.

வேதம் ஆவியால் அருளப்பட்டது,
மூலப்பிரதிகளில் பிழையுற்றது
என்று அடித்துவிட்டேன்.
ஒரே ஒரு உகரம்.
திருத்தும்போது தனியே சிரித்தேன்.
மூலப்பிரதிகளில் என்றுதானே சொல்கிறோம்,
வெர்னாவின் பிரதியில் என்று
எந்தச் சபையும் அறிக்கையிட்டதில்லை.

திரியேக தேவன். கன்னிப் பிறப்பு.
விரல்கள் தாமாகவே போகின்றன
வீட்டுக்குத் திரும்பும் குதிரைபோல.

நமக்குப் பதிலாக அவர் மரித்தார்
என்ற இடத்தில் எப்போதும்
கல்மழை பெய்த அந்த ஜூன் வந்துவிடும்.
கோதுமை தரையோடு தரையாய்க் கிடக்க
அறுவடை இயந்திரத்தின் கடனை வங்கி கேட்டது.
மேலாளர் நல்லவர், கண்கலங்கினார்,
ஆனால் கண்ணீரைக் கணக்கில் வரவு வைக்க முடியாதே.
வேறு யாரோ கட்டினார்கள், பெயர் சொல்லாமல்.
அப்பா ஒரு வருடம் முழுக்க
ஆராதனையில் ஒவ்வொருவர் கைகளையும்
பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாம் பிரிவு.
விசுவாசியாதவர்களுக்கு
நித்தியமான, உணர்வுள்ள ஆக்கினை.

எழுந்து போய்க் காப்பி போட்டேன்.
நகலெடுக்கும் இயந்திரத்தில் தாள் நிரப்பினேன்.
நிரப்பத் தேவையே இல்லை.

ஆர்லின் என் தம்பி.
பதினேழு வயதில் சபையை விட்டவன்.
தானியக் கிடங்கில் முப்பது வருடம்,
சண்டை இல்லை, கேலி இல்லை,
ஞாயிறுகளில் மீன் பிடித்தான், அவ்வளவுதான்.
நவம்பரில் விச்சிட்டா மருத்துவமனையில்
தொண்டையில் குழாயோடு கிடந்தான்.
காதருகே குனிந்து கேட்டேன்:
இயேசுவை நம்புகிறாயா ஆர்லின்,
ஆமென்றால் என் கையை அழுத்து.

அழுத்தினான்.

வலிக்கிறதா என்று செவிலி கேட்டபோதும்
அதே அழுத்தம்.
பின்னிரவில், யாரும் எதுவும் கேட்காதபோதும்.

சென்ற செவ்வாய் மூப்பர்கள் கூட்டத்தில்
இளையவன் டிரெவின் தொண்டையைச் செருமினான்.
‘உணர்வுள்ள’ என்ற சொல் மட்டும் வேண்டுமா?
என்னைப் பாராமல்தான் கேட்டான்.
எனக்காகத்தான் கேட்டான்.
போதகர் பெங்கே பேனா மூடியைத்
திறந்தார், மூடினார்.
குறிப்பெழுத வந்தவள் வாய் திறக்கலாகாது.
திறந்தேன்.
இருக்கட்டும் என்றேன்.

வீட்டுக்கு வண்டியோட்டும்போது கைகள் நடுங்கின.
பனி வாரும் லாரிக்குப் பின்னால்
பதினைந்து மைல் வேகத்தில்
அவனை நானே தள்ளிவிட்டதுபோல.

இதை யாருக்கும் சொல்லவில்லை:
ஒரு சொல்லை என் துக்கத்துக்காகத் தளர்த்தினால்
அடுத்த சொல்லை இன்னொருவர் நியாயத்துக்காகத் தளர்த்துவார்.
நியாயம் கேட்டு வருகிறவர் முதலில் தொடுவது
ஆறாம் பிரிவாகத்தான் இருக்கும்.
கிருபையினால் மாத்திரமே, விசுவாசத்தினால் மாத்திரமே.
நாற்பது வருடம் சபைக்கு வராதவனுக்கு
ஒரு கை அழுத்தம் போதுமா என்பார்.
எனக்கு அந்த ‘மாத்திரமே’ வேண்டும்.
கத்தியைப் போலக் கூராக வேண்டும்.
என் தம்பி அதன் விளிம்பில்தான் தொங்குகிறான்,
தொங்குகிறான் என்றால்.

பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.
சென்ற வருடப் பிரதியில்
ஆறாம் பிரிவில் அந்தச் சொல் ஒன்று விடுபட்டிருந்தது.
என் பிழைதான்.
பதினொரு பேர் கையொப்பம், யாரும் கவனிக்கவில்லை.

சேர்த்தேன்.
பன்னிரண்டு பிரதிகள் எடுத்தேன், சூடாக வந்தன.
கடைசிப் பிரதியை மேசையில் வைத்து
வலது கையை அதன்மேல் வைத்தேன்.
லேசாக அழுத்தினேன்,
அது எப்படியிருக்கும் என்று பார்க்க.