மூன்றாம் எண் கம்பி

கரி ரயிலேறிப் போய்விட்டது.
அதன்மேல் கிடந்த கல்லெல்லாம்
ஸ்பார்வுட்டுக்கு மேலே
இன்னொரு மலை. பெயர்: வடக்கு ஏழு.

முப்பத்தேழு டிகிரி.
கொட்டிய கல் தானாக உட்காரும் சாய்வு.
ஓய்வுக் கோணம் என்கிறது பாடப்புத்தகம்.
ஓய்வு யாருக்கென்று அதில் இல்லை.

நேற்று விளிம்பு விரிசலில் என் பூட்ஸின் நுனி நுழைந்தது.
இன்று முழு பூட்ஸும்.
இரவெல்லாம் மூன்றாம் எண் கம்பி
மணிக்கு இரண்டு சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது.
கீழே எங்கோ
லாரி லாரியாய்க் கல்லோடு புதைத்த ஜனவரிப் பனி
மே மாதம் வந்ததை
இப்போதுதான் கேள்விப்படுகிறது.

ரேடியோவில் பெட்ரக்:
"பாதுகாப்புக் காரணி ஒன்று புள்ளி ஒன்று,
நீதானே எழுதினாய்?"
நான்தான்.
அந்தப் புள்ளி ஒன்றின்மேல்
பதினாலு லாரிகளும்
டோசரில் லோரெய்னின் சாப்பாட்டுப் பெட்டியும்
உட்கார்ந்திருக்கின்றன.

சரி.
எத்தனை காலைகளில் சொல்லியிருப்பேன் இதை.
பின்னால் ஒரு 'வு' ஒட்டினால் போதும்.

மூடுங்கள் என்றேன்.

லாரிகள் தெற்கே சுற்றிப் போயின,
டீசல் என் கணக்கில்.
மலை விழவில்லை.
மறுநாளும் விழவில்லை.
காபி ஊற்றிக்கொண்டு வந்த பெட்ரக்
என் கோப்பையைத் தாண்டிப் போனார்.

வெள்ளிக்கிழமை கம்பி அசையவில்லை.
திறக்கலாம் என்று கையெழுத்திட்டேன்.
லோரெய்ன் டோசரில் ஏறாமல்
கதவில் சாய்ந்து நின்றாள்:
"முதலில் நீ போய் நின்று காட்டு."

போய் நின்றேன்.
பூட்ஸுக்குள் பத்து விரல்களும்
மறுபடி முதலிலிருந்து
கணக்குப் போட்டன.